ஹாலோவீனுக்கு வீடு வீடாகப் போகாமல், அக்கம்பக்கத்தோடு சேர்ந்து கொண்டாடுவது எப்படி?

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம் வீடுகளில் இரண்டு பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் என்ன வேஷம் என்பது ஒன்று. அக்டோபர் 31 ஹாலோவீன் அன்று இருட்டில், மிட்டாய் கேட்டு முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டப் பிள்ளையை அனுப்பலாமா என்பது இன்னொன்று. இந்தக் குறிப்பு இரண்டாவது கேள்விக்கானது. வேண்டாம் என்று முடிவெடுத்தால் பிள்ளை வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, ஒரு பத்துக் குடும்பம் சேர்ந்தால் நன்றாகவே கொண்டாடலாம்.

முதலில் எதற்குப் பயப்படுகிறோம் என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் ஏற்பாடு முழுக்க அதை வைத்துத்தான் அமையும். பல பெற்றோருக்கு மிட்டாயில் யாராவது விஷம் கலந்திருப்பார்களோ, பிளேடு வைத்திருப்பார்களோ என்ற பயம். டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் 1958 முதல் வந்த செய்திகளைத் தேடித் தேடிச் சரிபார்த்தவர். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ பெரிய பாதிப்புக்கு உள்ளானதாகவோ உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் 8 வயதுப் பையன் சயனைடு கலந்த மிட்டாயைத் தின்று இறந்தது உண்மைதான், ஆனால் அதைக் கொடுத்தது அவனுடைய சொந்த அப்பா, இன்சூரன்ஸ் பணத்துக்காக.

பயப்பட வேண்டியது காருக்கு. 1975 முதல் 2016 வரை 42 வருஷத்து விபத்துப் பதிவுகளை எடுத்து, ஹாலோவீன் மாலையை அதற்கு ஒரு வாரம் முந்திய, ஒரு வாரம் பிந்திய மாலைகளோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. நடந்து போகிறவர்கள் கார் மோதி இறப்பது அந்த மாலையில் 43 சதவீதம் அதிகம், 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் ஏறக்குறைய பத்து மடங்கு. அதிலும் மாலை 6 மணி வாக்கில்தான் அதிகம். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை: அந்த நேரத்தில் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், ஆபீஸ் விட்டு எல்லோரும் வண்டியில் வீடு திரும்புவார்கள், கறுப்பு அங்கியும் முகமூடியுமாக ஒரு குட்டி உருவம் நிறுத்தி வைத்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ரோட்டுக்கு ஓடி வரும்.

ஆகவே எந்த மாற்றைத் தேர்ந்தெடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பிள்ளைகள் நடக்கிற இடத்தில் ஒரு கார்கூட நகரக் கூடாது. அலங்காரம், மிட்டாய், பாட்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

“பாரம்பரியத்தைக் கெடுக்கிறீர்களே” என்று யாராவது சொன்னால் மினசோட்டாவில் உள்ள அனோக்கா ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். ஹாலோவீன் ராத்திரியில் பையன்கள் செய்த சேட்டை தாங்காமல் 1920இலேயே ஊர் கூடி ஊர்வலமும் கொண்டாட்டமுமாக ஏற்பாடு செய்தார்கள், இன்றும் நடக்கிறது. வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பது நாடு முழுக்கப் பரவியதே அதற்குப் பிறகுதான், 1930களிலும், இரண்டாம் உலகப் போர் முடிந்து சர்க்கரைக்கு இருந்த ரேஷன் போன பின்னும். ஊர் சேர்ந்து செய்வது புது வழக்கம் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே நடப்பதில் போய்ச் சேர்ந்துகொள்வது

ஏற்பாடு செய்ய நேரமில்லாதவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். பொது நூலகம், மிருகக்காட்சி சாலை, பள்ளி, சர்ச், ஊரின் கடைத்தெரு என்று பல இடங்களில் பிள்ளைகளுக்கான மாலை ஏதாவது நடக்கும், பல இலவசம். அக்டோபர் முதல் வாரத்தில் உங்கள் ஊரின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறைப் பக்கத்தைப் பாருங்கள், முன்பதிவு வேண்டியவை சீக்கிரம் நிரம்பிவிடும். மால்களில் நடப்பது மழைக்கும் குளிருக்கும் நல்லது, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தள்ளுவண்டி உருட்ட வசதி. ஆனால் கூட்டம் அதிகம், வரிசை நீளம், பின்னால் வந்தவர்களுக்கு மிட்டாய் தீர்ந்துவிடும். கடைத்தெருவில் நடப்பதற்குப் போவதானால் அந்த நேரத்துக்குத் தெருவை அடைக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அடைக்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

டிரங்க் ஆர் டிரீட்: நீங்களே நடத்துவதானால்

ஒரு பார்க்கிங் லாட்டில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து, பிள்ளைகள் கார் காராகப் போய் மிட்டாய் வாங்குவது. கேட்க எளிது, ஆனால் ஒழுங்காகத் திட்டமிடாவிட்டால் கார்களுக்கு நடுவே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டது போல ஆகிவிடும்.

இடம்தான் முதல் வேலை, அதை ஆகஸ்ட் கடைசியிலாவது செப்டம்பரிலாவது பேசி வையுங்கள். பள்ளி, கோயில், சர்ச், சமுதாயக் கூடம், பெரிய அபார்ட்மெண்ட் எதுவானாலும் சரி, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் யாருடையது என்று அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே கேளுங்கள்: அவர்களுடைய பாலிசி இந்த மாதிரி நிகழ்ச்சிக்குப் பொருந்துமா, இல்லை ஒரு நாளைக்கு மட்டும் தனியாக எடுக்க வேண்டுமா? ஊரைப் பொறுத்து நகராட்சியின் பர்மிட்டும் தேவைப்படலாம், ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். தீயணைப்பு வண்டி வரும் பாதையில் எதையும் நிறுத்தக் கூடாது. அதே சாக்கில் தீயணைப்பு நிலையத்துக்கு அவசரமில்லாத எண்ணில் பேசி ஒரு வண்டியை அரை மணி நேரம் கொண்டு வர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் சந்தோஷமாக வருவார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாயைவிட அதுதான் பெரிய விஷயமாக இருக்கும்.

எத்தனை கார்? எட்டுக்குக் கீழே போனால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பிள்ளைகள் “அவ்வளவுதானா” என்பார்கள். பத்திலிருந்து பதினைந்து வரை இருந்தால் போதும். கார்களை இரண்டு வரிசையாக, பின்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி நிறுத்தி, நடுவில் தாராளமான நடைவழி விடுங்கள். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடையில் ஓர் இடம் காலியாக இருக்கட்டும், அப்போதுதான் அலங்காரத்துக்கு இடம் கிடைக்கும், வரிசைகள் ஒன்றோடொன்று கலக்காது.

இனிமேல் சொல்வதில் ஒன்றைக்கூட விடாதீர்கள். டிக்கி திறக்கும் கார்கள் எல்லாம் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே வந்து நின்றுவிட வேண்டும். அதோடு உள்ளே வரும் வழிகளை ஆரஞ்சு கோன் வைத்து மூடி, ஒவ்வொரு வழியிலும் பெரியவர் ஒருவர் கடைசி வரை நிற்க வேண்டும். தாமதமாக வந்தவர் எவ்வளவு அழகாக அலங்கரித்திருந்தாலும் காரை உள்ளே விடாதீர்கள், அவருடைய மிட்டாயை ஒரு மேசையில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மிட்டாய் வாங்க வரும் குடும்பங்களுக்கு வேறு பார்க்கிங், அங்கிருந்து வண்டிப் பாதையைக் கடக்காமல் நடந்து வர வழி. முடியும் நேரத்தை அறிவித்து, பிள்ளைகள் எல்லோரும் வெளியேறிய பிறகுதான் முதல் கார் நகரலாம். “எனக்கு அவசரம், மெதுவாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்” என்பவர் ஒருவராவது இருப்பார், ஆகவே அழைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

எஞ்சின் ஓடக் கூடாது. பின்பக்கம் திறந்திருக்கும்போது எஞ்சின் ஓடினால் புகை உள்ளே ஏறும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாசனையும் கிடையாது. விளக்குக்காக ஜெனரேட்டர் கொண்டு வந்தால் அதையும் தள்ளி வையுங்கள். டிக்கி விளக்கு மணிக்கணக்கில் எரிந்தால் கார் பேட்டரி இறங்கிவிடும், எனவே பேட்டரியில் எரியும் சர விளக்குகளைத் தனியாகக் கொண்டு வாருங்கள். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம், பூசணிக்காய்க்குள்ளும் பேட்டரி விளக்கே போதும். வைக்கோல் கட்டு, காய்ந்த சோளத்தட்டை இதெல்லாம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அப்போதுதான் வந்து நின்ற காரின் சைலன்சர் எவ்வளவு சூடாக இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சூடு ஆறட்டும், ஆறின பிறகும் தள்ளியே வையுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை இருட்டுக்கு முன் முடிப்பது என் கட்சி. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பது 2007 முதல் நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டதால், பல ஊர்களில் அக்டோபர் 31 அன்று ஆறு மணியைச் சுற்றி வரை வெளிச்சம் இருக்கும். 4:30க்கு ஆரம்பித்து 6 மணிக்கு முடிக்கலாம். வார நாள் என்றால் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்து வராது, அப்போது அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி மாறினால் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று நினைக்க வேண்டாம், வேஷத்தை இரண்டு தடவை போடலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

அப்புறம் மிட்டாய்க் கணக்கு, இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 60 பிள்ளைகள் வருவார்கள் என்றால் ஒவ்வொரு காருக்கும் 60 மிட்டாய் வேண்டும், கையில் கொஞ்சம் கூடுதலாக. 12 கார் என்றால் மொத்தம் 720. பிள்ளைக்கு 12 கிடைக்கும், அது போதாதா? காருக்கு ஒன்று என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் கடைசியில் வரும் பிள்ளைக்கும் கிடைக்கும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், எல்லோரும் காசு போட்டு மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். கம்பெனி பேக்கெட் மட்டும்தான், வீட்டில் செய்த பலகாரத்தைப் பிள்ளைகள் பையில் போட வேண்டாம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை, அதில் முந்திரி இருக்கிறதா, எள் இருக்கிறதா என்று இன்னொரு அம்மாவுக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். பெரியவர்கள் மேசையில் பெயரும் சேர்த்த பொருட்களும் எழுதி வையுங்கள், அங்கே நன்றாகவே காலியாகும்.

அலர்ஜி உள்ள பிள்ளைகள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு ஹாலோவீன் என்றாலே “இது வேண்டாம், அது வேண்டாம்” என்று கேட்டுக் கேட்டே முடிந்துவிடும். டென்னசியின் கிழக்குப் பகுதியில் இருந்த அலர்ஜிக் குடும்பங்களின் குழு ஒன்று 2012இல் ஒரு வழி கண்டுபிடித்தது: வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் வைத்தால், இங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் இருக்கிறது என்று அர்த்தம். உணவு அலர்ஜிக்காக வேலை செய்யும் ‘ஃபேர்’ என்ற தேசிய அமைப்பு 2014இல் அதை நாடு முழுக்கக் கொண்டு போனது. டீல் பம்ப்கின் என்று சொன்னால் இப்போது பலருக்கும் தெரியும்.

உங்கள் நிகழ்ச்சியில் ஒவ்வொரு காரும் இதைச் செய்ய வேண்டியதில்லை, நாலைந்து கார்கள் செய்தாலே அந்தப் பிள்ளைகள் பை காலியாக வீட்டுக்குப் போகாது. ஸ்டிக்கர், பென்சில், சோப்புக் குமிழி, சின்னப் பந்து எதுவும் சரி. ஆனால் அவை தனிக் கிண்ணத்தில் இருக்க வேண்டும், சாக்லேட்டோடு கலந்து கிடந்தால் பிரயோஜனமில்லை. இன்னொன்று, குட்டி சைஸ் மிட்டாய்களின் உறைமேல் பல நேரம் என்னென்ன சேர்த்தது என்ற பட்டியலே இருக்காது. அதே பெயரில் வரும் பெரிய பாரும் குட்டியும் வேறு தொழிற்சாலையில் தயாரானவையாகக்கூட இருக்கலாம். அதனால் வாங்கிய பெரிய பையைத் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வையுங்கள், கேட்பவர்கள் படித்துப் பார்க்கட்டும். அமெரிக்கச் சட்டப்படி லேபிளில் குறிப்பிட வேண்டிய முக்கிய அலர்ஜிப் பொருட்கள் இப்போது ஒன்பது, எள் 2023 ஜனவரியில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

4 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கெட்டி மிட்டாய், முழுக் கடலை, பாப்கார்ன், சூயிங்கம் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். ஒளிரும் குச்சிகளைப் பிள்ளைகள் கடித்துவிடுவதுண்டு, உள்ளே இருக்கும் திரவம் வாயிலோ கண்ணிலோ பட்டால் எரியும். தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு விஷ முறிவு உதவி எண்ணான 1-800-222-1222க்குப் பேசுங்கள், நாள் முழுக்க இயங்கும், இலவசம்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குக் கிண்ணம் கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும், நடைவழியில் ஒயர் ஓடக் கூடாது. சத்தமும் மின்னும் விளக்கும் தாங்காத பிள்ளைகளும் இருப்பார்கள். முதல் அரை மணி நேரம் பாட்டு, புகை மெஷின், திடீரென்று கத்தும் பொம்மை எதுவும் இல்லாமல் வைத்தால் அந்தக் குடும்பங்களும் தைரியமாக வரும். பேசாமல் கை நீட்டுகிற பிள்ளையிடம் “டிரிக் ஆர் டிரீட் சொல்லு, அப்பத்தான் தருவேன்” என்று வற்புறுத்தாதீர்கள். வளர்ந்த பையன் ஒருவன் வேஷம் போட்டு வந்து நின்றால், வயசைக் கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளை தொலைந்து போனால்? சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும் இடத்தில், எல்லாரும் முகமூடியில் இருக்கும்போது, ஒரு நிமிஷம் கண் அசந்தால் போதும். வரும்போதே மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை கட்டி, உட்புறத்தில் அம்மா அல்லது அப்பாவின் போன் நம்பரை எழுதிவிடுங்கள், பிள்ளையின் பெயர் வெளியே தெரிய வேண்டாம். தொலைந்தவர்கள் வந்து நிற்க எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடமும், அங்கே எப்போதும் இரண்டு பெரியவர்களும் இருக்கட்டும். மைக்கில் பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் சொல்லாமல் பெற்றோருக்கு நேராகப் போன் செய்வதுதான் பாதுகாப்பு.

உங்கள் தெருவையே அடைப்பது

என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே நல்லது. டிரங்க் ஆர் டிரீட் பற்றிச் சிலருக்கு ஒரு குறை உண்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காமலே ஹாலோவீன் போய்விடுகிறது என்று. அது நியாயமான குறை. தெருவை இரண்டு மணி நேரம் அடைத்தால் காரும் இருக்காது, பக்கத்து வீட்டுப் பாட்டியையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் டிரைவ்வே முனையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், கதவு தட்டவோ படியேறவோ வேண்டியதில்லை.

பெரும்பாலான ஊர்களில் இதற்கு பிளாக் பார்ட்டி பர்மிட் என்று ஒன்று உண்டு. சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், தெருவில் உள்ளவர்களின் கையெழுத்து கேட்பார்கள். தடுப்புகளை ஊரே தருமா, நீங்கள் வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். பெரிய சாலைகளுக்குக் கிடைக்காது, முட்டுச்சந்தாக இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. கையெழுத்து வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், இத்தனை நாள் கையசைப்போடு நின்றுபோன பழக்கம் அன்றைக்குத்தான் பேச்சாக மாறும். ராத்திரி வேலைக்குக் கிளம்புகிறவர், டயாலிசிஸுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவர்கள் காரை முன்கூட்டியே தெருவுக்கு வெளியே நிறுத்த ஏற்பாடு செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் நுழைய நடுவில் இடம் விட்டு, தடுப்பை உடனே நகர்த்தக்கூடிய ஆளை அங்கேயே நிறுத்துங்கள். பர்மிட் கிடைக்கவில்லை என்றால், “5 முதல் 7 வரை யாரும் கார் எடுக்க வேண்டாம்” என்று தெருவுக்குள் பேசி வைத்துக்கொண்டு பிள்ளைகளை நடு ரோட்டில் விட்டுவிடாதீர்கள். உணவு டெலிவரிக்காரருக்கு உங்கள் ஒப்பந்தம் தெரியாது.

அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். விருப்பமுள்ள வீடுகளின் பட்டியல் எடுத்து, அந்தக் கதவுகளில் மட்டும் ஒரு பூசணிப் படம் ஒட்டி, மாடி மாடியாகக் கூட்டிப்போனால் ஆயிற்று. கிளப் ஹவுஸ் இருந்தால் அங்கேயே மேசைகள் போடலாம்.

கூட்டமே வேண்டாம் என்றால் இங்கே ‘பூ’ (boo, பேய் போலப் பயமுறுத்தும் சத்தம்) செய்வது என்று ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. ஒரு சின்னப் பையில் மிட்டாயும் பொம்மையும் ஒரு குறிப்பும் வைத்து, தெரிந்தவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு மணியடித்து ஓடிவிடுவது. கிடைத்தவர்கள் இன்னும் இரண்டு வீட்டுக்குச் செய்ய வேண்டும். பகலிலேயே செய்யலாம், கொடுப்பதிலும் ஒளிந்து பார்ப்பதிலும் பிள்ளைகளுக்கு இருக்கும் குஷியே தனி.

அருகில் முதியோர் இல்லம் இருந்தால் அங்குள்ள நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் பேசி வேஷ ஊர்வலம் ஒன்று கேட்டுப் பாருங்கள். மிட்டாயை நீங்களே வாங்கிக்கொண்டு போய் அங்குள்ள பெரியவர்கள் கையில் கொடுத்து, அவர்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அது எத்தனை பெரிய சந்தோஷம் என்று பார்த்தால்தான் தெரியும். ரத்தமும் எலும்புமான வேஷத்தை அன்று தவிருங்கள், இருமலோ மூக்கொழுகலோ உள்ள பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுங்கள், ஃப்ளூ பரவ ஆரம்பிக்கும் காலம் அது.

எங்கே போனாலும் வேஷம் விஷயத்தில் கொஞ்சம் கவனம்: கால் தடுக்காத நீளம், லேபிளில் எளிதில் தீப்பிடிக்காதது என்ற குறிப்பு, பார்வையை மறைக்கும் முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம். அந்த வண்ணத்தை முந்தின நாளே கையில் தடவி அரிக்கிறதா என்று பாருங்கள். பார்க்கிங்கிலிருந்து நடக்கிற தூரத்துக்கும் முதுகிலும் பையிலும் ஒளி பட்டால் மின்னும் டேப் ஒட்டுங்கள். பெரிய பிள்ளைகள் கண்ணுக்குக் கலர் லென்ஸ் கேட்டால், கண் மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை விற்பதே அமெரிக்காவில் சட்டவிரோதம் என்று சொல்லி மறுத்துவிடலாம்.

மிஞ்சுகிற மிட்டாயை என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே பேசி வையுங்கள். பல் மருத்துவர்கள் சிலர் வாங்கிக்கொள்வார்கள், ராணுவ வீரர்களுக்குப் பொட்டலம் அனுப்பும் அமைப்புகளும் உண்டு. வீட்டுக்கு வந்ததை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், சாக்லேட் நாய்க்கு விஷம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் அதைவிட மோசம். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.